இன்கா மலையும் எங்க ஊர் மலையும்

எங்க ஊர் பாலசமுத்திரம். பேரில்தான் சமுத்திரம். கடலைப் பார்க்கணும்னா சென்னைக்குத்தான் பஸ் ஏறணும். அந்தக் காலத்தில் பெரிய ஏரியைச் சமுத்திரம்னு சொல்றது வழக்கம், அவ்வளவுதான். பழனி பக்கத்தில் ஒரு பாலசமுத்திரம் இருக்கு, கோரண்ட்லா பக்கத்தில் இன்னொண்ணு இருக்கு. நான் சொல்றது சித்தூர் ஜில்லாவில், பள்ளிப்பட்டைத் தாண்டினதும் வர்ற பாலசமுத்திரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவுக்குள்ளே. வீட்டில் அம்மா தமிழில் திட்டுவாங்க, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தெலுங்கில் திட்டுவார். இரண்டு மொழியிலும் திட்டு வாங்கி வளர்ந்த ஜாதி நாங்க.

இந்த ஊரைப் பற்றி எழுதணும்னு தோணினது, நம்புவீங்களோ இல்லையோ, பெரு நாட்டில்.

இங்கே நியூஜெர்ஸியில் நாங்க நாலு பேர் கூட்டாளிகள். பேர் போட்டால் அவங்க வீட்டில் பிரச்சினை வரும், அதனால் பட்டப்பேர் மட்டும். 'டாக்டர்' கும்பகோணத்துக்காரர். ஊசி போடற டாக்டர் இல்லை, பி.எச்டி. டாக்டர். 'கணக்கு' யாழ்ப்பாணத்துக்காரர். பயணத்தில் யார் எத்தனை காபி குடித்தார்கள் என்பது வரை எழுதி வைப்பார். 'கேமரா' மதுரை. அவர் எதையும் கண்ணால் பார்த்ததில்லை, லென்ஸ் வழியாகத்தான் பார்ப்பார். நாலாவது ஆள் நான். சில வருஷங்களுக்கு முன்னாடி, தங்கமணிகளிடம் பத்து நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பெருவுக்குக் கிளம்பினோம்.

குஸ்கோ நகரம் 3400 மீட்டர் உயரத்தில் இருக்கு. திருமலையைப் போல மூணு பங்குக்கும் மேலே. விமானத்தை விட்டு இறங்கி ஹோட்டல் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். கோகா இலை போட்டு ஒரு டீ கொடுப்பார்கள். கேமரா மூணு கப் குடித்துவிட்டு, "அலிபிரியில 3550 படி ஏறினவய்ங்க நாங்க, இதெல்லாம் ஒரு மலையா?" என்றார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நாலு நாள் இன்கா பாதையில் நடை. சுமார் 43 கிலோமீட்டர். சுமை தூக்குபவர்கள், வழிகாட்டிகள் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுவார்கள், அதனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே சீட்டு வாங்கணும். பாதையிலேயே உயரமான கணவாய்க்கு 4215 மீட்டர். கெச்சுவா மொழியில் அதன் பேர் வார்மிவாஞுஸ்கா. அர்த்தம் 'செத்த பொம்பளை'. "செத்த ஆம்பளைன்னு மாத்தி வெக்கலாம், நாலு பேர் ரெடியா இருக்கோம்" என்றார் டாக்டர்.

இனி சரித்திரம்.

இன்கா ராஜ்ஜியம் ஒரே நாளில் அழிந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஸ்பெயின்காரன் பிஸாரோ 1532-ல் மன்னர் அதாவால்பாவைப் பிடித்தான், 1533-ல் கொன்றான், அதே வருஷம் குஸ்கோவையும் எடுத்துக்கொண்டான். ஆனால் கதை அங்கே முடியலை. மான்கோ இன்கா என்கிற இளவரசர் 1536-ல் கலகம் செய்தார், குஸ்கோவை முற்றுகை போட்டார், பிடிக்க முடியாமல் மலைகளுக்குள் பின்வாங்கினார். வில்கபாம்பா என்ற இடத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியம் முப்பது வருஷத்துக்கும் மேலே தாக்குப்பிடித்தது. கடைசி மன்னர் டூபாக் அமாரு. நிறைமாத மனைவியோடு காட்டுக்குள் தப்பி ஓடியவரைப் பிடித்து வந்து, 1572-ல் குஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள்.

1911-ல் ஹிரம் பிங்ஹாம் என்ற அமெரிக்கர் தேடிப் போனது இந்தக் கடைசித் தலைநகரத்தைத்தான். போய்ச் சேர்ந்தது மச்சு பிச்சுவில். இதுதான் வில்கபாம்பா என்று கடைசி வரைக்கும் சாதித்தார். அது இல்லை, நிஜ வில்கபாம்பா இன்னும் கீழே காட்டுக்குள் எஸ்பிரிட்டு பம்பாவில் இருக்கு என்று பிற்பாடு நிலைநாட்டினார்கள். இதில் தமாஷ், பிங்ஹாம் 'கண்டுபிடித்த' அன்றைக்கு மச்சு பிச்சுவின் படிக்கட்டு வயல்களில் சில விவசாயக் குடும்பங்கள் பயிர் வைத்துக்கொண்டு இருந்தன. அவங்களுக்கு அது தொலைந்து போகவே இல்லை.

மலையிலிருந்து இறங்கி வடக்கே பாலைவனக் கரைக்குப் போனோம். அங்கே சான் சான் என்று ஒரு ஊர், சிமு ராஜ்ஜியத்தின் தலைநகரம். முழுக்க மண் செங்கல். அமெரிக்கக் கண்டங்களிலேயே பெரிய மண் நகரம் அதுதான். இன்கா படை 1470 வாக்கில் அதைப் பிடித்தது. இன்காவை ஸ்பெயின்காரன் பிடித்தான். "வரிசையா எல்லாருக்கும் டர்ன் வருது" என்று கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னும் வடக்கே சிபான். 1987-ல் வால்டர் ஆல்வா என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளர் அங்கே மோச்சே காலத்துப் பிரபு ஒருவரின் கல்லறையைத் தோண்டி எடுத்தார். கொள்ளைக்காரர் கை படாத கல்லறை. பிரபுவின் கழுத்தில் ஒரு மாலை. ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் வெள்ளி. மணிகளின் வடிவத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. மல்லாட்டை!

தென்மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்க பக்கம் கடலைன்னு சொன்னால் அது சாமி சுண்டலுக்குப் போடற கொண்டைக்கடலை. மணிலாக் கொட்டை என்பதுதான் தேய்ந்து மல்லாட்டை ஆச்சு. மணிலா எங்கிருந்து வந்தது? வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஸ்பெயின்காரர்களின் கப்பல்கள் மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு ஓடின. அந்த வழியில் கிழக்கே பரவின பயிர் என்பதை நம்ம ஜனங்க பேரிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்காங்க. சித்தூர் ஜில்லா மானாவாரி நிலம் பிழைத்ததே பல தலைமுறையாக அந்தக் கொட்டையால்தான். எங்க அப்பா மூட்டை கட்டி விற்ற சரக்கை இங்கே ஒரு பிரபு தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொண்டு புதைந்திருக்கார். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அங்க என்ன வெல போவுதாம்?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கினது லிமா மியூசியத்தில். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கீபு வைத்திருந்தார்கள். ஒரு முதன்மைக் கயிறு, அதிலிருந்து தொங்கும் பல நிறச் சின்னக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் முடிச்சுகள். இன்காக்களுக்கு நம்மைப் போல எழுத்து கிடையாது. வரிக் கணக்கு, ஜனத்தொகை, களஞ்சியத்து இருப்பு எல்லாம் இந்த முடிச்சில்தான். எண்களைப் படிக்கும் முறையை லேலண்ட் லாக் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எல்லாக் கயிறும் கணக்கு இல்லை. சிலவற்றில் கதையும் வம்சாவளியும் இருந்ததாக ஸ்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. அவற்றைப் படிக்க இன்றைக்கு உலகத்தில் ஆளே இல்லை. 1583-ல் லிமாவில் கூடிய திருச்சபை மாநாடு, கீபுகள் உருவ வழிபாட்டுச் சமாசாரம் என்று சொல்லி அழிக்க உத்தரவு போட்டது. கயிறு போச்சு, படிக்கத் தெரிந்தவங்களும் போய்ட்டாங்க.

கணக்கு அந்தப் பெட்டிக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்றார். "எங்கட லைப்ரரி எரிஞ்சது ஞாபகம் வருது" என்றார். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்ததைச் சொன்னார். சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் ஜோக் அடிக்கலை.

மலைப்பாதையில் எங்களோடு வந்த வழிகாட்டிப் பையன் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். வீட்டில் கெச்சுவா, பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ். பெரு அரசு 1975-ல் கெச்சுவாவையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனாலும் பாட்டியிடம் பேசும் மொழியில் தனக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது என்றான். எனக்கு அது புது விஷயமே இல்லை. பாலசமுத்திரத்தில் எங்க தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

அடுத்த டிசம்பர் லீவுக்கு நாலு பேரும் எங்க ஊரில் கூடினோம். "பெருவில் செஞ்சதையே இங்க செய்யலாம்யா, ராஜ்ஜியம் தோத்து மலைக்குள்ள போன கதை இங்கயும் இருக்கு" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். வாடகைக்கு ஒரு வண்டி, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம், அவித்த மல்லாட்டை ஒரு பை. கார்வேட்டிநகரம், புத்தூர், நாராயணவனம், திருப்பதி, சந்திரகிரி. இதுதான் எங்க இன்கா பாதை.

வழியில் நகரி மலையின் மூக்கு தெரிந்தது. பார்த்தால் நிஜமாகவே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை. அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலிலிருந்தே இந்த மூக்கைப் பார்த்து இடத்தை அடையாளம் பிடிக்குமாம். பாறைகளில் ஏறலாமா என்று டாக்டர் தயங்கினார். "தைரியமா ஏறுங்க, விழுந்தா புத்தூர் பக்கத்துலதான்" என்றேன். எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடற ஊர் அது. தென்னிந்தியா முழுக்க அங்கே வருவார்கள். இந்தத் தைரியம் ஆண்டீஸில் கிடைக்காது பாருங்க.

நாராயணவனத்தில் பத்மாவதி தாயாருக்கும் ஸ்ரீநிவாசருக்கும் கல்யாணம் நடந்ததாக ஐதீகம். கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குச் சந்திரகிரி போய்ச் சேர்ந்தோம்.

விஜயநகரம் விழுந்தது 1565-ல், தலைக்கோட்டைப் போரில். டூபாக் அமாரு வெட்டுப்பட்டதற்கு ஏழே வருஷம் முன்னாடி. உலகத்தின் இரண்டு மூலையில், ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்படாத இரண்டு ராஜ்ஜியங்கள், ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைநகரத்தை விட்டு மலைக்கு ஓடியிருக்கின்றன. ஹம்பியை விட்ட ராயர்கள் முதலில் பெனுகொண்டாவுக்கு வந்தார்கள். இரண்டாம் வேங்கடபதி ராயர் 1592 வாக்கில் சந்திரகிரியைத் தலைநகரம் ஆக்கினார். பிறகு 1600-களின் தொடக்கத்தில் வேலூர். சந்திரகிரி ஒன்றும் புது இடம் இல்லை. சாளுவ நரசிம்மர் 1485-ல் விஜயநகர சிம்மாசனத்தைப் பிடிப்பதற்கு முன்னாடி அதிகாரம் செய்தது இங்கிருந்துதான். திருமலை ஏழுமலையானின் வாசலும் இதுதான்.

பாறை மலை, அடிவாரத்தில் கோட்டை மதில், உள்ளே ராஜா மஹால், ராணி மஹால். மூணு அடுக்கு ராஜா மஹாலில் மரமே கிடையாது, கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும். இப்போ தொல்லியல் துறை மியூசியம் அதற்குள்ளே. கேமரா குளக்கரையில் நின்று ஒரே மஹாலை நாற்பது படம் எடுத்தார். நாங்க மதில் நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டே கதை பேசினோம்.

அதில் எல்லாருக்கும் பிடித்த கதை ஒண்ணு. 1614-ல் வேங்கடபதி ராயர் இறந்ததும் வாரிசுச் சண்டை. ராயர் கைகாட்டியது அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை. ஜக்கராயன் என்கிற பெரிய பிரபு வேறொரு பையனைக் கொண்டுவந்து, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு வேலூரில் சிறை வைத்தான், கடைசியில் எல்லாரையும் கொன்றான். ஒரே ஒரு சிறுவன் மட்டும் தப்பினான். ராஜ விசுவாசியான யாச்சம நாயக்கர் ஏற்பாட்டில், அரண்மனைக்குத் துணி எடுக்க வரும் சலவைத் தொழிலாளி ஒருவர் அந்தப் பையனை அழுக்குத் துணி மூட்டையில் வைத்துக் கட்டி, காவல்காரர்கள் எதிரிலேயே வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தோப்பூர்ப் போருக்குப் பிறகு அந்தப் பையன்தான் ராமதேவ ராயர் ஆனான். இதை எழுதி வைத்தவர் மானுவேல் பராதாஸ் என்கிற ஏசு சபைப் பாதிரியார். நாயக்கர் பேர் இருக்கு, வில்லன் பேர் இருக்கு. உயிரைப் பணயம் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அந்தக் கதையில் பேர் இல்லை.

அடுத்தது சென்னை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு மதராஸ் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது, ராயரின் கீழ் இருந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். தன் அப்பா சென்னப்பர் பேரில் ஊர் இருக்கணும் என்பது நாயக்கர் குடும்பத்து ஆசை. 1645-ல் ஸ்ரீரங்க ராயர் புதுசாக ஒரு பட்டயம் கொடுத்தார். அதில் ஊருக்கு அவர் வைத்த பேர் ஸ்ரீரங்கராயபட்டணம். ராயர் பேர் நிற்கலை, சென்னப்பர் பேர் நின்றது. ஏன்னா 1646-லேயே கோல்கொண்டா படை சந்திரகிரியை எடுத்துக்கொண்டது. அப்புறம் ஆற்காடு நவாப், 1782-ல் ஹைதர் அலி, பிறகு கம்பெனி. கணக்கு மறுபடியும் நோட்டை எடுத்தார். "இங்கையும் வரிசையா டர்ன்."

இதுவரைக்கும் இரண்டு கதையும் ஒரே மாதிரி. வித்தியாசம் அடுத்த நாள் திருமலையில் புரிந்தது.

போன், கேமரா எல்லாத்தையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் கோவிலுக்குள் போகணும். நம்ம கேமரா கையில் ஒன்றும் இல்லாமல் தவித்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றும் முற்றும் கண்ணால் பார்த்தார். உள்ளே கிருஷ்ணதேவ ராயர் இரண்டு தேவிகளோடு கைகூப்பி நிற்கிறார், அச்சுத ராயர் நிற்கிறார், சந்திரகிரியில் ஆண்ட வேங்கடபதி ராயரும் நிற்கிறார். சுவர் முழுக்க எழுத்து. "இது தமிழ் மாதிரி இருக்கே?" என்றார் கேமரா. தமிழேதான். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேலே. பல்லவர் காலத்திலிருந்து ராயர்கள் காலம் வரைக்கும், பெரும்பாலானவை தமிழில். தெலுங்கு, கன்னடம், வடமொழியிலும் உண்டு. தெலுங்கில் காவியம் எழுதின கிருஷ்ணதேவ ராயர் காலத்திலும் இந்த மலையில் தமிழில் வெட்டியிருக்காங்க. சாது சுப்பிரமணிய சாஸ்திரி இவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார், தேவஸ்தானம் 1930-ல் அவருடைய அறிக்கையை வெளியிட்டது. யார் நிலம் கொடுத்தார்கள், எந்த நாளில் எத்தனை படி அரிசி, பிரசாதத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வரை அதில் இருக்கு.

இன்காவின் களஞ்சியக் கணக்கும் இதேதான். அங்கே கயிறு, இங்கே கல். அங்கே படிப்பவர்களை அழித்தார்கள். இங்கே ராஜா மாறினாலும் கோவில் நின்றது, கணக்கு எழுதுபவர் நின்றார், இரண்டு மொழிக்காரரும் ஊரிலேயே இருந்தார்கள்.

அதுக்காக நாம மார் தட்டிக்கொள்ள முடியாது. அதே கோவிலில் இன்னொரு கதை இருக்கு. அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகளை 2000-க்கும் மேற்பட்ட செப்பேடுகளில் வெட்டி, கோவிலுக்குள்ளேயே ஒரு சின்னக் கல்லறையில் வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக யாரும் எடுத்துப் படிக்கலை. 1922-ல்தான் அவை வெளி உலகத்துக்குத் தெரிய வந்தன. யாரும் எரிக்கலை, யாரும் தடை போடலை. தினமும் ஆயிரக்கணக்கில் பக்தர்கள் பக்கத்திலேயே நடந்து போனார்கள். படிக்க ஆள் வராத வரைக்கும் அந்தச் செப்பேடும் முடிச்சுக் கயிறும் ஒண்ணுதான்.

ஊருக்குத் திரும்பும் வழியில் டாக்டர் கேட்டார், "நீங்க எல்லாம் தமிழா தெலுங்காய்யா?" எங்களை ஆயுசு முழுக்கத் துரத்துகிற கேள்வி. சித்தூர் ஜில்லா என்று ஒன்றை உண்டாக்கினதே 1911-ல்தான், பிங்ஹாம் மச்சு பிச்சு போன அதே வருஷம். வட ஆற்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஜில்லா மொத்தமும் அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் அந்தப் பக்கம் சேர்ந்தன. பாலசமுத்திரம் இந்தப் பக்கம் நின்றது. சில மைல் இடைவெளியில் மாமன் மச்சான் குடும்பங்கள் இரண்டு மாநிலம் ஆயின. கல்யாணம், காதுகுத்து எதுவும் நிற்கலை. மாறினது பள்ளிக்கூடப் பலகையில் எழுதும் எழுத்து மட்டும். நான் தெலுங்கில் படித்தேன். தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தது அம்மாவும் திருத்தணி பஸ் போர்டும்தான்.

டாக்டருக்கு நான் சொன்ன பதில்: "மலைச்சுவரைப் பாத்தீங்களே, அது தமிழா தெலுங்கா?"

இங்கே வளர்கிற நம்ம பிள்ளைங்க தமிழ் பேசுகிறார்கள், சந்தோஷம். அம்மா அப்பா சொல்வது புரிகிறது. ஆனால் வாசிக்கச் சொன்னால்? ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கும் கிரிக்கெட் கோச்சிங்குக்கும் நேரம் மோதினால் எது ஜெயிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நம்ம வீட்டில் தாத்தா எழுதின கடிதக் கட்டு, பாட்டியின் சமையல் நோட்டு, நிலப் பத்திரம் எல்லாம் இருக்கு. இன்னும் ஒரு தலைமுறை போனால் அவங்களுக்கு அது மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற கீபு மாதிரிதான். அழகா இருக்கும், ஏதோ சொல்கிறது என்று தெரியும், என்னன்னு தெரியாது.

லீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. திருப்பதிக்கு எப்படியும் போவீங்க. அரை நாள் கூட ஒதுக்குங்க, சந்திரகிரி பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. திருமலையில் வரிசை நகராமல் நிற்கும்போது பிள்ளைகளிடம் சுவரைக் காட்டுங்க. பழைய எழுத்து, கிரந்தம் கலந்திருக்கும், எல்லாம் புரியாது. ஆனால் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு நடுவில் ஒரு 'ட'வும் ஒரு 'ப'வும் பிடிபடும். அந்த ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த எழுத்தை அதுவே தேடும். வரிசையும் சீக்கிரம் நகர்ந்த மாதிரி இருக்கும்.

மல்லாட்டை வேணும்னா பாலசமுத்திரம் வாங்க. அம்மா அவித்துத் தருவாங்க.